பாதை போட்டது யார்?

கல், மண், சக்கரம் – 11

மோவாப் ஊருக்கு முதல்முறை வந்து ஜீப் வாடகைக்கு எடுப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பாதையில் காட்சி நன்றாக இருக்கும்?" அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கொலராடோ ஆற்றை ஒட்டியிருக்கும் இந்தச் சிற்றூரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் செம்பாறைச் சுவர்களும் ஆழ்பள்ளங்களும்தான். காட்சிக்கு இங்கே பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் தண்ணீருக்கும், கைப்பேசி சிக்னலுக்கும், வண்டியைத் திருப்ப இடத்துக்கும்.

கேட்க வேண்டியது வேறு. இந்தப் பாதையைப் போட்டது யார், எதற்காக? மாடு ஓட்டவா, லாரி ஓட்டவா? இல்லை, ஓடை அறுத்துக்கொடுத்த வழியா? அது தெரிந்தால், அந்தப் பாதை வண்டியிடமும் ஓட்டுகிறவரிடமும் என்ன கேட்கும் என்பது பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

ஷேஃபர் பாதையைப் பார்க்கலாம். கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் மேட்டுச் சமவெளியிலிருந்து செங்குத்துச் சுவரில் சுமார் 1,500 அடி இறங்கும் கொண்டை ஊசி வளைவுப் பாதை அது. முதலில் பூர்வகுடிகள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் போய்வந்த தடம். பிறகு ஷேஃபர் குடும்பத்தார் மந்தைகளை ஓட்டிப் போக அதைச் சீர்படுத்தினார்கள். பாதைக்குப் பெயர் வந்தது அவர்களால். 1950களில் தாது லாரிகளுக்காக மேலும் அகலமானது. லாரி இறங்கிய பாதை என்பதால் சரிவு ஜீப்புக்குப் பெரிய விஷயமல்ல. ஓட்டுகிறவரின் நெஞ்சுக்குத்தான் சோதனை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று, நடுவே தடுப்புச் சுவர் என்று எதுவும் கிடையாது. எதிரே வண்டி வந்தால் ஏறி வருகிறவருக்கு வழி விடுவது வழக்கம். இறங்குகிறவர்தான் அகலமான இடம் பார்த்து ஒதுங்க வேண்டும். குளிர்காலத்தில் பனி உறைந்தால் பாதையை மூடியும் விடுவார்கள்.

லாரிகள் ஏன் வந்தன என்பது தனிக் கதை. டெக்சாஸைச் சேர்ந்த புவியியலாளர் சார்லி ஸ்டீன், கையில் காசில்லாமல் மனைவி மக்களோடு சிஸ்கோ என்ற ஊரில் ஒரு கொட்டகையில் குடியிருந்தவர். கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கருவி வாங்கக்கூட அவருக்கு வசதியில்லை. 1952 ஜூலையில், மோவாபுக்குத் தெற்கே துளையிட்டு எடுத்த கருப்புக் கல்லை என்னவென்று தெரியாமல் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். சிஸ்கோ பெட்ரோல் பங்க் நண்பரின் கருவிக்கு எதிரே அதை நீட்டியதும் முள் துள்ளியது. அந்தச் சுரங்கத்துக்கு அவர் வைத்த பெயர் 'மி விடா' – ஸ்பானிய மொழியில் 'என் வாழ்க்கை'. செய்தி பரவ, யுரேனியம் தேடி ஆட்கள் குவிந்தார்கள். பனிப்போர்க் காலம், அணுகுண்டுக்கு யுரேனியம் வேண்டும், அமெரிக்க அணுசக்தி ஆணையமே பாலைக்குள் பாதை போடக் கிளம்பியது.

அப்படிப் போடப்பட்டதுதான் ஒயிட் ரிம். மேட்டுக்கும் ஆறுகளுக்கும் நடுவே, வெள்ளை மணற்பாறை விளிம்பை ஒட்டி ஏறக்குறைய 100 மைல் – 160 கிலோமீட்டர் – சுற்றிவரும் பாதை. வேடிக்கை என்னவென்றால் அங்கே யுரேனியம் சொல்லிக்கொள்ளும்படி கிடைக்கவில்லை. பாதை மட்டும் மிஞ்சியது.

இதுவும் வேலைக்காகப் போட்ட பாதைதான். ஆகவே தரைக்கு நல்ல உயரமும், மெதுவாக இழுக்கும் 'லோ ரேஞ்ச்' கியரும் உள்ள நான்கு சக்கர இயக்க வண்டிக்குப் பெரும்பகுதி எளிது. மர்ஃபி ஹாக்பேக், ஹார்ட்ஸ்கிராபிள் போன்ற சில ஏற்றங்களில்தான் கை வியர்க்கும். இந்தப் பாதையின் கஷ்டம் அதன் நீளம். இரண்டு மூன்று நாள் பயணம்; வழியில் குடிநீர் கிடையாது; பகலில் போய்வரவும் இரவு தங்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும். கிரீன் ஆறு பெருகினால் தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கிவிடும். அப்போது வந்த வழியே முழுவதும் திரும்ப வேண்டியதுதான். பாதி வழியில் வண்டி நின்றால் இழுத்து வர ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். நாய்க்குட்டியை வண்டிக்குள்ளேயே வைத்திருப்பேன் என்று சொன்னாலும் பூங்கா ஒப்புக்கொள்ளாது.

ஒயிட் ரிம்முக்கு நாளில்லாதவர்கள் ஷேஃபர் வளைவுகளில் இறங்கி, பொட்டாஷ் சாலை வழியாக மோவாபுக்கே வந்துவிடலாம். 1991இல் வெளிவந்த 'தெல்மா அண்ட் லூயிஸ்' படத்தின் கடைசிக் காட்சியில் கார் பாய்கிற பள்ளம் இந்த வழியில்தான் இருக்கிறது. படத்தில் அதை கிராண்ட் கேன்யன் என்று நம்ப வைத்தார்கள்.

ஊருக்கு அருகே சாண்ட் ஃபிளாட்ஸில் இருக்கும் ஹெல்ஸ் ரிவெஞ்ச் முற்றிலும் வேறு சாதி. வேலைக்காகப் போட்ட பாதையல்ல, விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுத்த பாறை. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் மணல்மேடுகளாக இருந்து இறுகிய நவாஹோ மணற்பாறையின் முதுகில், கறுத்த டயர் தடங்களையும் தீட்டி வைத்த குறிகளையும் பின்பற்றி ஏறி இறங்க வேண்டும். வழுக்குப்பாறை என்று பொருள்படும் 'ஸ்லிக்ராக்' என்பது இந்தப் பாறைக்கு வழங்கும் பெயர். குதிரையின் இரும்பு லாடம் வழுக்கியதால் வந்த பெயர் அது. ரப்பர் டயருக்கு உப்புத்தாள் போலப் பிடிப்பு கொடுக்கும். டயரில் காற்றைப் பாதியளவுக்குக் குறைத்துக்கொண்டால், ரப்பர் அகலமாகப் படிந்து இன்னும் நன்றாகப் பற்றும். (திரும்பும்போது காற்றடிக்கப் பம்ப் எடுத்துப் போக மறப்பவர்கள் ஒவ்வொரு வாரமும் உண்டு.) ஏற்றத்தின் உச்சியில் பானெட்டும் வானமும் தவிர வேறெதுவும் தெரியாது. கூட வந்தவர் இறங்கி நின்று கைகாட்டுவது கௌரவக் குறைச்சல் அல்ல. 1967 முதல் ஈஸ்டர் சமயத்தில் நடக்கும் ஜீப் சஃபாரிக்குக் கூட்டம் சேர்வது இந்த மாதிரிப் பாறைகளுக்காகத்தான். வழக்கமான கார் வாடகை நிறுவனங்களின் ஒப்பந்தம் தார்ச்சாலையை விட்டு இறங்க விடாது என்பதால், உள்ளூர் ஜீப் கடைகளுக்கு நல்ல வியாபாரம்.

கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவின் நீடில்ஸ் பகுதியில் இருக்கும் எலிஃபண்ட் ஹில்லைப் புதியவர்கள் விட்டுவிடுவதே நல்லது. படிக்கட்டுப் போன்ற பாறைகள், வண்டி திரும்பாத வளைவு, பின்பக்கமாகவே ஓட்டிப் போக வேண்டிய ஓரிடம். காட்சிக்காக வந்தவர் அங்கே காட்சியைப் பார்க்கப் போவதில்லை, பம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓடை போட்ட பாதைகளில் முதல்முறைக்கு ஏற்றது ஆனியன் கிரீக். செம்மண் கோபுரங்களுக்கு நடுவே இருபதுக்கும் மேற்பட்ட முறை அதே ஓடையைக் கடக்கும் எளிய வழி. தண்ணீரில் கரைந்த தாதுக்களால் ஒரு நாற்றம் அடிக்கும், அவ்வளவுதான். ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே பெய்யும் மழையில் இந்த எளிமையை நம்பக் கூடாது. தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே, எங்கோ தொலைவில் பெய்த மழை சேற்று வெள்ளமாக ஓடைக்குள் வந்துசேரும். மார்ச் கடைசியிலிருந்து மே வரையும், இலையுதிர் காலத்திலும் போவதுதான் சரி. நடுக்கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும்.

எந்தப் பாதையானாலும் தடத்தை விட்டு விலகக் கூடாது. காரணம், ஓரத்தில் கருகிய ரொட்டி போலப் புடைத்திருக்கும் மண். நுண்ணுயிர்களும் பாசியும் பூஞ்சையும் மணலைப் பின்னி வைத்த உயிருள்ள மேலோடு அது. காற்றில் மண் பறக்காமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். டயர் ஒருமுறை ஏறினால் தேறி வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இப்படிப்பட்ட சேதங்களைக் காட்டித்தான், 2023 செப்டம்பரில் மோவாப் அருகே லாபிரிந்த் கேன்யன், ஜெமினி பிரிட்ஜஸ் பகுதியில் 317 மைல் தடங்களை அரசின் நில மேலாண்மைத் துறை மூடியது. 800 மைலுக்கு மேல் இன்னும் திறந்திருக்கிறது என்பதை ஜீப்காரர்கள் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் கோபத்தில் ஒரு நியாயமும் உண்டு. கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவாக ஆனதற்கே ஜீப் ஒரு காரணம். பக்கத்திலிருக்கும் ஆர்ச்சஸ் தேசிய நினைவிடத்தின் கண்காணிப்பாளராக இருந்த பேட்ஸ் வில்சன், அதிகாரிகளை ஜீப்பில் ஏற்றி, பள்ளத்தாக்குகளுக்குள் கூட்டிப்போய், கனத்த இரும்புச் சட்டியில் தானே சமைத்துப் போட்டு மனத்தைக் கரைத்தவர். 1961இல் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடாலும் அப்படி வந்தார். 1964 செப்டம்பர் 12 அன்று பூங்காச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். அதே ஜீப்பைப் பூங்காவின் சால்ட் கிரீக்கிலிருந்து வெளியேற்ற 1995இல் வழக்கு வந்தது. ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் அபூர்வமான ஓடை அது. அதன் படுகையிலேயே ஓட்டிப்போய்த்தான் ஏஞ்சல் ஆர்ச் என்னும் பாறை வளைவைப் பார்க்க முடிந்தது.

சக்கரங்கள் நின்றன. 1866ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டி, அந்த ஓடை வழி பொதுப் பாதை என்று யூட்டா மாநிலமும் சான் ஹுவான் கவுண்டியும் உரிமை கோரின. பூங்கா வருமுன் அந்த ஓடையில் யார் போனார்கள், எதற்காக, தொடர்ந்து பத்தாண்டு போனார்களா என்று நீதிமன்றம் துருவியது. மாடு மேய்த்தவர்களும் யுரேனியம் தேடியவர்களும் வந்துபோனதெல்லாம் அந்தப் பத்தாண்டுக் கணக்குக்குப் போதவில்லை என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று அனுமதிச் சீட்டோடு ஓடையில் பீக்கபூ என்னும் இடம் வரை வண்டி போகலாம். அதற்கு அப்பால், ஏஞ்சல் ஆர்ச்சைப் பார்க்க வருகிறவர்கள் தண்ணீரையும் சோற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு ஓடையோரமாக நடக்கிறார்கள்.