பெயர் போடும் நேரம்

தணிக்கைச் சான்றிதழ் மறைந்ததும் திரையில் வருவது படக் கம்பெனியின் சின்னம். ஜெமினியின் குழலூதும் இரட்டைச் சிறுவர்களைப் பார்த்ததுமே, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது எஸ்.எஸ்.வாசன் படம் என்பது தெரிந்துவிடும். எம்.ஜி.ஆர். பிக்சர்ஸ் சின்னத்தில் ஓர் ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியை ஏந்தி நின்றார்கள். 'நாடோடி மன்னன்' வந்தது 1958இல்; கட்சி ஆட்சியைப் பிடித்தது 1967இல். கதை தொடங்கும் முன்பே படம் தன் கட்சியைச் சொல்லிவிட்டது.

அடுத்து வரும் டைட்டில் கார்டுகள் நெடுங்காலம் எளிமையாகவே இருந்தன. ஓவியர் அட்டையில் பெயர்களை எழுதிக் கொடுப்பார். அதைக் கேமராவில் எடுப்பார்கள். ஓடும் காட்சியின் மேல் எழுத்து வேண்டுமென்றால் லேபில் இரண்டையும் ஒரே பிலிமில் சேர்த்து அச்சிட வேண்டும். நடிகர்களில் தொடங்கி இயக்குநரில் முடிப்பது வழக்கம்.

பழைய இந்திப் படங்கள் தலைப்பை ஆங்கிலம், இந்தி, உருது என மூன்று எழுத்திலும் காட்டின. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தமிழோடு உருதும் வீட்டு மொழி. அந்த உருது வரியைப் படிக்க அங்கே ஆள் உண்டு. படத்தைத் திறக்க 'முகல்-ஏ-ஆசம்' (1960) இன்னொரு வழியையும் காட்டியது: இந்தியாவின் வரைபடமே எழுந்து, தானே கதை சொல்லத் தொடங்கும். தமிழில் குரலால் படத்தைத் திறந்தவர் பாரதிராஜா. பல படங்களின் தொடக்கத்தில் அவரே மக்களை விளித்துப் பேசினார். அந்தக் கரகரப்பான குரலுக்கு எந்தச் சின்னமும் ஈடாகாது. 'கரகாட்டக்காரன்' (1989) பாட்டால் திறந்தது; டைட்டில் பாட்டைப் பாடியவர் இளையராஜாவே.

வெளிநாட்டில் டைட்டிலுக்குள் வரைகலையைக் கொண்டுவந்தவர் சால் பாஸ். 'சைக்கோ' (1960) படத்தில் கோடுகள் பெயர்களை வெட்டி வெட்டிச் செல்லும். கொலை வருமுன்பே பார்ப்பவருக்குப் பதற்றம் வந்துவிடும். தமிழில் வரைகலை வேறு வேலைக்குப் பயன்பட்டது. 1992இல் 'அண்ணாமலை'க்காக இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா, ஜேம்ஸ் பாண்ட் படங்களின் துப்பாக்கிக் குழல் காட்சியை மனத்தில் வைத்து, ரஜினியின் 'சூப்பர் ஸ்டார்' பட்டத்தைப் புள்ளிகளால் எழுத்தெழுத்தாகத் தோன்றச் செய்தார். பின்னணியில் தேவாவின் இசை. எழுத்து ஆங்கிலம்தான், ஆனால் முதல் புள்ளியிலேயே விசில் கிளம்பிவிடும். ஒரு நடிகரின் பெயர் வருவதே ஒரு காட்சியாக மாறியது இங்கேதான். அந்த கார்டு ரஜினி படங்களில் புதுப்புது வடிவில் தொடர்ந்து வருகிறது.

இன்னொரு பாணி, தொடக்கத்தில் தலைப்பை மட்டும் காட்டுவது. 'ஸ்டார் வார்ஸ்' (1977) நடிகர், இயக்குநர் பெயர் எதுவுமின்றிக் கதைச் சுருக்கத்தை மேல்நோக்கி ஓடவிட்டது. அடுத்த பாகத்தில் இயக்குநர் பெயரைக் கடைசிக்குத் தள்ளியதற்காக இயக்குநர் சங்கம் அபராதம் விதிக்க, படத்தை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் அதைக் கட்டிவிட்டுச் சங்கத்திலிருந்து விலகினார். தமிழிலும் இப்போது பல படங்கள் முழுப் பட்டியலைக் கடைசிக்குக் கொண்டுபோகின்றன. கதை உடனே தொடங்குவதால் படத்துக்கு அது லாபம். இழப்பு லைட்மேனுக்கும் உதவி இயக்குநருக்கும்தான்: அவர்கள் பெயர் ஓடும்போது தியேட்டரில் விளக்குப் போட்டுக் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.