எல்லை தாண்டும் வைன் சுற்றுலா: உரிமை கூட வரும், பாட்டில் வராது

ஆந்திராவின் ராமகுப்பத்திலிருந்து வி.கோட்டா, கோலார் வழியாகக் கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் போனால், தொட்டபல்லாபூர் வட்டாரத்தில் 1988-ல் தொடங்கப்பட்ட குரோவர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, வைனை ருசித்து, நல்ல சாப்பாட்டோடு அக்கம்பக்கத்து விடுதியில் ஒரு ராத்திரி தங்கிவரலாம். திட்டமிடுகிறவர்கள் அறை வாடகையையும் சாப்பாட்டுப் பட்டியலையும் அலசுவார்கள். நடுவில் ஒரு மாநில எல்லை கிடப்பதை மறந்துவிடுவார்கள். மதுச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நுகர்வோர் சட்டமோ நாடு முழுவதற்கும் ஒன்றுதான். இந்த வித்தியாசம் புரிந்தால் ஆபத்து எது, பாதுகாப்பு எது என்பது தெளிவாகும்.

“ருசி பார்ப்பதெல்லாம் குடியா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்து ரகத்தை 50 மில்லி வீதம் விழுங்கினால் 250 மில்லி. 13 சதவீத வைனில் அது சுமார் 25 கிராம் சாராயச் சத்து. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற மோட்டார் வாகனச் சட்ட வரம்பைத் தாண்ட, 60 கிலோ எடையுள்ளவருக்கு இதுவே போதும். முதல் தடவை சிக்கினாலே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தேர்ந்த சுவைஞர்கள் வாயில் சுழற்றிவிட்டுப் படிக்கத்தில் துப்புவது சும்மா இல்லை. ஆனாலும் ஓட்டுபவர் தொடாமலிருப்பதும், ராத்திரி அங்கேயே தங்குவதும்தான் நம்பகமான வழி.

“சீல் உடைக்காத பாட்டில், பில்லும் இருக்கிறது, என்ன தப்பு?” என்பது அடுத்த வாதம். வாங்கிய இடத்தில் அது சரி, சோதனைச் சாவடியில் சரியாகாது. வெளிமாநிலத்திலிருந்து மூன்று பாட்டில் வரை கொண்டுவரலாம் என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பரில் சொன்னது; அடுத்த மாதமே அரசு விதியைத் திருத்தி அனுமதிச்சீட்டைக் கட்டாயமாக்கியது. விதி இப்படி மாறக்கூடியது என்பதால், கலால் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளாமல் ஒரு பாட்டிலும் வாங்காதீர்கள்.

பணம் கட்டியவரின் நுகர்வோர் உரிமைக்கு மாநில எல்லை தடையில்லை. படத்தில் காட்டிய அறை ஒன்று, கொடுத்த அறை வேறு என்றால் அது சேவைக் குறைபாடு. ‘முன்பணம் திரும்பாது’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பது, சொன்னதைச் செய்யாத விடுதியைக் காப்பாற்றாது. பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது.

“நாலாயிரம் ரூபாய்க்காகக் கர்நாடகக் கோர்ட்டுக்கு அலைய முடியுமா?” அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ராமகுப்பத்துக்காரருக்குச் சித்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொன்னால், பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும். அதற்கு ஆதாரம் வேண்டும்: விளம்பரப் படம், முன்பதிவுக் குறுஞ்செய்தி, பணம் கட்டிய ரசீது ஆகியவற்றைக் கிளம்புவதற்கு முன்பே சேமித்துவையுங்கள்.