நாள் குறித்தும் நடக்காத வாக்கெடுப்பு: இந்திய மத்தியஸ்தமும் இலங்கையின் கிழக்கு மாகாணமும்

கே.ஜி.கண்டிகையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நில வழக்குகளுக்காக எங்களிடம் கொண்டுவரப்படும் பழைய பத்திரங்களில் 'சித்தூர் ஜில்லா, திருத்தணி தாலுகா' என்றே எழுதியிருக்கும். திருத்தணி வட்டம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. ம.பொ.சிவஞானம் உள்ளிட்டோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின், நடுவராக அமர்ந்த எச்.வி.படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டு, எம்மொழி பேசுவோர் மிகுதி என்று கணக்குப் பார்த்துக் கோடு போட்டார். நாடாளுமன்றம் 1959இல் அதைச் சட்டமாக்கியது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 3ஆம் உறுப்பின்படி மாநிலச் சட்டமன்றங்களின் கருத்தைக் கேட்டால் போதும். ஊராரிடம் வாக்குக் கேட்க வேண்டியதில்லை. முடிவு எங்களுக்கு உவப்பானதே. ஆயினும் இங்கே எவரும் 'கேட்போம்' என்று சொல்லவில்லை. அதனால் ஏமாற்றவும் இல்லை. கேட்போம் என்று இரு நாட்டுத் தலைவர்கள் கையொப்பமிட்டுக் கொடுத்த பின்னும் கேட்கப்படாத மக்கள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள்.

கொழும்பிலிருந்து எந்தத் தலைவர் புதுதில்லி வந்தாலும் '13ஆம் திருத்தத்தை முழுமையாக நிறைவேற்ற வேண்டும்' என்ற வாசகம் செய்திகளில் இடம்பெறுகிறது. அத்திருத்தத்தின் மூலமான 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை உடன்படிக்கை ஒரு பொது வாக்கெடுப்பை உறுதியளித்தது என்பதை மட்டும் யாரும் இப்போது பேசுவதில்லை. அவ்வாக்கெடுப்பு ஏன் நடக்கவில்லை என்பதை உடன்படிக்கையின் சொற்களைக் கொண்டே விளக்க முற்படுகிறோம்.

முதலில் பின்னணி. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு 2ஆம் உறுப்பில் நாட்டை ஒற்றையாட்சி என்று அறிவிக்கிறது. அதையும் இறைமை போன்ற வேறு சில உறுப்புகளையும் மாற்ற, நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு மக்களிடம் சர்வசன வாக்கெடுப்பும் நடத்த வேண்டும் என்கிறது 83ஆம் உறுப்பு. படிக்க நல்ல பாதுகாப்பாகவே தோன்றும். ஆனால் 1982 டிசம்பர் 22 அன்று ஜே.ஆர்.ஜெயவர்தன அதே வழியைக் கொண்டே பொதுத் தேர்தலைத் தவிர்த்து, இருந்த நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீட்டித்துக்கொண்டார். ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் 'ஆம்' என்றதாக முடிவு வந்தது. அடுத்த ஜூலையில் தமிழருக்கு எதிரான படுகொலைகள் நிகழ்ந்தன. ஆகஸ்டில் வந்த 6ஆம் திருத்தம் பிரிவினையை மறுக்கும் உறுதிமொழியைக் கட்டாயமாக்கியதால், தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நாடாளுமன்ற இருக்கைகளை இழந்தனர். இந்தியா மத்தியஸ்தராக உள்ளே நுழைந்தது இந்த வெற்றிடத்தில்தான். ஜி.பார்த்தசாரதியின் பயணங்களும் 1985 திம்புப் பேச்சுவார்த்தையும் அதன் படிகள்.

இனி உடன்படிக்கையின் 2ஆம் பகுதி. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே நிர்வாக அலகாக இணைக்கப்படும். இணைப்பு தொடர்வதா, கிழக்கு தனி மாகாணம் ஆவதா என்பதைக் கிழக்கு மக்கள் 1988 டிசம்பர் 31க்குள் வாக்கெடுப்பில் முடிவு செய்வர். எளிய பெரும்பான்மை போதும். வன்முறையால் இடம்பெயர்ந்தோருக்கும் அதில் வாக்குரிமை உண்டு. தலைமை நீதியரசர் தலைமையிலான குழு கண்காணிக்கும். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பிரதிநிதி பார்வையாளராக அழைக்கப்படுவார். தீர்வுகளுக்கு இந்திய அரசு உத்தரவாதம் அளிக்கும்.

இவ்வளவும் எழுதியவர்கள், நாள் குறித்த அதே பத்தியில் இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்தார்கள்: குடியரசுத் தலைவர் தம் விருப்புரிமையின்படி வாக்கெடுப்பை ஒத்திவைக்கலாம். எத்தனை முறை, எவ்வளவு காலம், எக்காரணத்துக்காக என்ற வரம்பு ஏதும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தில்கூட இப்படி ஒரு வரியை நாங்கள் அனுமதிக்க மாட்டோம். ஆண்டுதோறும் ஒத்திவைப்பு வந்தது. உத்தரவாதம் அளித்த அரசின் படை 1990 மார்ச்சில் திரும்பிவிட்டது. அதன்பின் ஒத்திவைப்பைத் தட்டிக்கேட்கும் பொறிமுறை எதுவும் எஞ்சவில்லை.

உடன்படிக்கையைச் சட்டமாக்கும் கட்டத்தில் வேறொரு வாக்கெடுப்புச் சிக்கலும் எழுந்தது. மாகாண சபைகளை உருவாக்கும் 13ஆம் திருத்தம் ஒற்றையாட்சியைக் குலைக்கிறதா? குலைத்தால் 83ஆம் உறுப்பின்படி நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும்; சிங்களப் பெரும்பான்மையிடம் அது தோற்கும் என்பதை அனைவரும் அறிவர். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் அமர்ந்து விசாரித்து, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் ஒற்றையாட்சி குலையவில்லை என்றனர். சில விதிகள் திருத்தப்பட்டு, வாக்கெடுப்பின்றி 1987 நவம்பரில் திருத்தம் நிறைவேறியது. சிறுபான்மையினரின் உரிமையை நாடு தழுவிய பெரும்பான்மையின் வாக்குக்கு விடுவது நீதியா என்று கேட்டால், அந்த ஒரு வாக்கு வேறுபாட்டில் நாங்கள் ஆறுதல் கொள்கிறோம். ஆனால் அதற்கொரு விலை இருந்தது. 'இது ஒற்றையாட்சியே' என்று நிறுவித்தான் திருத்தம் பிழைத்தது. மாகாணங்களின் அதிகாரம் மையத்தின் தயவில் இருக்கிறது என்பதே அதன் சட்டபூர்வ அடித்தளமாகிவிட்டது.

வடகிழக்கு இணைப்பு விழுந்ததும் இதுபோன்ற பலவீனத்தால்தான். மாகாண சபைகள் சட்டத்தின்படி, ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டுப் போர் ஓய்ந்தது என்று குடியரசுத் தலைவர் மனநிறைவு கொண்ட பின்னரே இணைக்க முடியும். அது நடக்கவில்லை. ஜெயவர்தன 1988 செப்டம்பரில் அவசரகால விதிமுறை ஒன்றால் அந்நிபந்தனையை மாற்றி இணைப்பை அறிவித்தார். ஜனதா விமுக்தி பெரமுனவின் ஆதரவோடு தொடுக்கப்பட்ட வழக்கில் 2006 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பைச் செல்லாதென்றது. 2007 ஜனவரி 1 முதல் இரு மாகாணங்களும் பிரிந்தன. பதினெட்டு ஆண்டுகள் கிழக்கு மக்களைக் கேட்காமல் இணைத்து வைத்தார்கள். கேட்காமலே பிரித்தும் விட்டார்கள்.

வாக்கெடுப்பு நடந்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும்? 1981 கணக்கெடுப்பின்படி கிழக்கில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் தமிழர், மூன்றில் ஒருவர் முஸ்லிம்கள், நான்கில் ஒருவர் சிங்களர். முஸ்லிம்களின் வாக்கே முடிவை நிர்ணயித்திருக்கும். ஆனால் உடன்படிக்கை அவர்களைத் தனித் தரப்பாக மேசைக்கு அழைக்கவில்லை. கண்காணிப்புக் குழுவிலும் 'தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதிகள்' என்ற சொல்லுக்குள் அவர்களை அடக்கிவிட்டது. இங்கே 'இந்து' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் சேரியை அடக்கும் அரசியலை அறிந்த நமக்கு இந்த உத்தி புதிதன்று.

மேசைக்கு அழைக்கப்படாதவர்களில் நம் மக்களும் உண்டு. மலையகத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர்களில் மிகப் பலர் தமிழ்நாட்டின் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். 1948 குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 மனிதர்கள் பங்கிடப்பட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பிறகு பேசிக்கொள்ள. 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். திம்புவில் தமிழர் தரப்பு முன்வைத்த நான்காவது கோட்பாடு, தீவைத் தம் நாடாகக் கொள்ளும் எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை என்பது. அதாவது 1982 வாக்கெடுப்பு நடந்தபோதும், 1985இல் பேச்சு நடந்தபோதும், நாடற்றவர்களாக வாக்குச்சீட்டே இல்லாதவர்கள் அங்கே இருந்தார்கள். வடக்கில் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் 1968இல் நுழைவு கேட்டு நின்ற சாதிகளுக்கும் மத்தியஸ்தர்களின் குறிப்பேட்டில் தனி வரி கிடையாது.

இவ்வகை நீக்கம் நம் வரலாற்றிலும் உண்டு. 1932இல் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டின் வகுப்புவாரித் தீர்ப்புக்குப் பிறகு, எரவாடா சிறையில் காந்தியின் உண்ணாநோன்பின் நெருக்கடியில் பேச்சு நடந்தபோது, தனி இருக்கைகள் தொடர வேண்டுமா என்பதைப் பத்தாண்டுக்குப் பின் தாழ்த்தப்பட்ட வகுப்பினரிடமே வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானிக்க வேண்டும் என்று அம்பேத்கர் கேட்டார். காந்தி ஐந்தாண்டு என்றார். இழுபறியின் முடிவில் வாக்கெடுப்பே பூனா ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டது. 'இரு சமூகங்களின் பரஸ்பர உடன்பாடு' என்ற சொல் அதன் இடத்தில் வந்து அமர்ந்தது. சமூகத்தின் வாக்கைத் தலைவர்களின் உடன்பாடாக மாற்றிவிட்டால், வாக்காளரைப் பிறகு யாரும் தேட வேண்டியதில்லை.

பன்னாட்டு மத்தியஸ்தத்தில் வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. கிழக்குத் திமோருக்காக இந்தோனேசியாவும் போர்த்துகலும் ஐ.நா.வும் 1999 மே 5 அன்று செய்த உடன்பாட்டில் வாக்குச்சீட்டின் கேள்வியே இணைக்கப்பட்டிருந்தது. பட்டியலையும் வாக்குப்பதிவையும் ஐ.நா. நடத்தியது, வெளிநாடுகளில் இருந்தோரும் வாக்களித்தனர். ஆகஸ்ட் 30 அன்று 78.5 விழுக்காட்டினர் விடுதலைப் பக்கம் நின்றனர். பாதுகாப்பை மட்டும் இந்தோனேசியாவிடம் விட்டார்கள். அதன் விலையை மக்கள் உயிரால் கொடுத்தார்கள். எதிர் உதாரணம் மேற்கு சகாரா. யார் வாக்காளர் என்ற தகராறிலேயே 1991 முதல் அங்கு ஐ.நா. உறுதியளித்த வாக்கெடுப்பு நடக்கவில்லை.

இலங்கையில் இன்று மாகாண சபைகளும் பெயரளவில்தான். கிழக்கு சபையின் காலம் 2017இலும் வடக்கின் காலம் 2018இலும் முடிந்தன, ஆளுநர்களே ஆள்கிறார்கள். புதிய அரசியலமைப்பு குறித்த பேச்சு மீண்டும் எழுகிறது. ஒற்றையாட்சி என்ற சொல்லைத் தொட்டால் 83ஆம் உறுப்பின் வாக்கெடுப்பு வரும். இந்தியாவின் பெயரும் மத்தியஸ்தராக அடிபடும்.

அப்படியொரு மேசை மீண்டும் போடப்படுமானால், எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்தே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1987இன் வாசகப்படி, கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர் எவராயினும் வாக்காளர். முகாம்களில் மலையக வம்சாவளியினரும் உண்டு. அத்தகையோரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிவோடு அணுகச் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூனில் வழிகாட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. அங்கும் வாக்கில்லை, இங்கும் வாக்கில்லை என்றிருக்கும் இவர்களின் பெயர் எந்தப் பட்டியலில், யாரால், எந்த நாளுக்குள் சேர்க்கப்படும் என்பதைப் புதுதில்லி தன் வரைவின் முதல் பக்கத்தில், ஒத்திவைக்கும் விருப்புரிமை எவருக்கும் இல்லாமல், எழுத வேண்டும்.