புது மீன் மட்டும் ஏன் சாகிறது?

போடியிலிருந்து குரங்கணிக்குப் போகிறவர்கள் கொட்டகுடி ஆற்றில் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். பாறை வழுக்கும். அந்த வழவழப்பில் பாசி மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் குடியிருக்கின்றன. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவற்றின் பிழைப்பு. மிஞ்சும் நைட்ரேட்டில் கொஞ்சத்தைச் செடிகள் உறிஞ்சும். மீதியை ஆறு அடித்துக்கொண்டு போகும்.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் வளர்கின்றன. ஆனால் அடித்துக்கொண்டு போக ஆறு இல்லை. நைட்ரேட் வாராவாரம் ஏறும். தண்ணீரோ பளிங்கு மாதிரி தெரியும்.

பிறகு அந்தப் புதிர் வரும். ஆறு மாதமாக இருக்கும் மோலி மீன்களுக்கு ஒன்றும் ஆகாது. நேற்று வாங்கி விட்ட ஜோடி மட்டும் செத்து மிதக்கும். “நோய் மீனைத் தலையில் கட்டிட்டான்” என்று கடைக்காரரைத் திட்டுவோம். நானும் திட்டியிருக்கிறேன், பாவம் அவர். பழைய மீன்கள் ஏறும் நைட்ரேட்டுக்குச் சிறுகச் சிறுகப் பழகியவை. புது மீனுக்கு அது ஒரே நாளில் விழும் அடி. பழகியவையும் சுகமாக இல்லை: இரை எடுப்பது குறையும், நிறம் மங்கும், குஞ்சுகள் தேறாது.

விஷயம் புரிந்ததும் பதறிப்போய்த் தொட்டியையே காலி செய்வார்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிவார்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய தொட்டித் தண்ணீர் மெல்ல அமிலமாகியிருக்கும். அதில் அம்மோனியா, அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். காரத்தன்மையுள்ள போர் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் அது மறுபடி அம்மோனியாவாகிச் செவுளைத் தாக்கும்.

எனவே நிதானம் வேண்டும். தினம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி ஒன்றிரண்டு வாரத்தில் நைட்ரேட்டை இறக்குங்கள். பிறகு வாரம் கால் பங்கு போதும். அடியில் படிந்த குப்பையைக் குழாய் வைத்து உறிஞ்சுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் இரை வேண்டாம். மணி பிளாண்ட் கொடியின் வேர் தண்ணீருக்குள்ளும் இலை வெளியிலும் இருக்கும்படி வைத்தால், கொடி நைட்ரேட்டைத் தின்று தழைக்கும்.

ஊற்றும் தண்ணீரையும் சந்தேகப்பட வேண்டும். உரத்தின் நைட்ரேட் மண்ணில் ஒட்டாது; மழையோடு இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். நம் நாட்டுக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை அனுமதிக்கிறது. தொட்டியில் 20க்குள் இருப்பது நல்லது; 40ஐத் தாண்ட விடக்கூடாது. நாம் தாராளமாகக் குடிக்கும் தண்ணீரே மீனுக்கு அதிகமாகிவிடலாம். காய்ச்சினால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆர்.ஓ. குறைக்கும், மழைநீர் கலந்தாலும் குறையும்.

டெஸ்ட் கிட்டில் நைட்ரேட்டுக்கு இரண்டு பாட்டில் இருந்தால், இரண்டாவதை அரை நிமிடமாவது கை வலிக்கக் குலுக்குங்கள். அடியில் தங்கிய மருந்து கலக்காவிட்டால் சிவப்பாக வேண்டிய தண்ணீர் மஞ்சளாகவே நின்று, ஒன்றுமில்லை என்று பொய் சொல்லும்.

மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து, செவுள் பழுப்பாகத் தெரிந்தால் அது நைட்ரைட்டின் வேலை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. தண்ணீரை மாற்றி, லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பின் குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். செதிலில்லாத சில கெளுத்தி வகைகளுக்கு உப்பு ஒத்துவராமல் போகலாம். நைட்ரேட்டுக்கும் உப்பு மருந்தல்ல.

தொட்டியிலிருந்து எடுத்த வாளித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை அலசிவிட்டு, அந்தத் தண்ணீரை ரோஜாத் தொட்டிக்கு ஊற்றுங்கள். மீனுக்கு விஷம் செடிக்கு உரம். உப்புப் போட்ட தண்ணீர் மட்டும் வேண்டாம்.