வைஃபை ஃபுல்லா இருக்கு... நெட் மட்டும் வரலையா? கோளாறு எங்கேன்னு கண்டுபிடிப்பது எப்படி?

காலை 10 மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கும்போதே வீடியோ அப்படியே நின்றுவிடுகிறது. போனிலோ வைஃபை கோடுகள் முழுசாக இருக்கின்றன. அப்புறம் ஏன் நெட் வரவில்லை?

அந்தக் கோடுகள் காட்டுவது போனுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான சிக்னலை மட்டும்தான். வெளியிலிருந்து ரவுட்டருக்கு இணையம் வருகிறதா என்பது அதில் தெரியாது. எனவே, கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விளக்கைப் பாருங்க

ஃபைபர் இணைப்பு என்றால் மோடத்தில் ‘எல்.ஓ.எஸ்’ என்ற விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால், ஒளி சிக்னல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். தெருவில் கேபிள் அறுந்திருக்கலாம். வீட்டுக்குள்ளேயே மடங்கி நசுங்கியும் இருக்கலாம். ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தும் சிவப்பு போகவில்லையா? உடனே புகார் கொடுத்துவிடுங்கள்.

லேன் கேபிள் டெஸ்ட்

விளக்குகள் சரியாக இருந்தும் ஸ்லோவா? மற்ற போன், டிவியை எல்லாம் நெட்டிலிருந்து எடுத்துவிட்டு, லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து ஸ்பீடு டெஸ்ட் செய்யுங்கள். கேபிளில் வேகம் வந்து வைஃபையில் வராவிட்டால், பிரச்னை வீட்டுக்குள்தான்.

2.4-ஆ, 5-ஆ?

2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், வேகம் குறைவு. பக்கத்து வீட்டு ரவுட்டர், மைக்ரோவேவ் அவன், ப்ளூடூத் எல்லாம் அங்கேதான் நெரிசல் போடும். சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் கூட்டம் குறைந்த ஒன்றுக்கு மாற்றிப் பார்க்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால், சுவர் குறுக்கே வந்தால் தடுமாறும். ரவுட்டர் இருக்கும் அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு அதுதான் பெஸ்ட். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலோ பீரோ மேலோ வைக்காதீர்கள்.

அந்தக் குட்டி ஓட்டையைத் தொடாதீங்க

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. குண்டூசியால் அழுத்தும் ரீசெட் பட்டன், ரவுட்டரின் செட்டிங்ஸ் அத்தனையையும் அழித்துவிடும். நெட் கம்பெனி போட்டுவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டும் அதோடு போய்விடலாம். அப்புறம் ஆள் வந்தால்தான் நெட்!

புகார் கொடுக்கும்போது

‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். ‘லேன் கேபிளிலும் வேகம் இல்லை’ என்று சொன்னால் பேச்சு அங்கே சுற்றாது. புகார் எண்ணை மறக்காமல் வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுக டிராயின் 2012 விதிமுறைகள் வழிசெய்கின்றன.

இன்டர்வியூ நடுவில் இதையெல்லாம் செய்ய நேரம் இருக்காது. வைஃபையை ஆஃப் செய்து மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுங்கள். ரவுட்டரை அப்புறம் பார்த்துக்கலாம்.