முதல் ரிவால்வர் வாங்கும் முன்
ஐதராபாத்தில் சட்டப்படி ரிவால்வர் வாங்குகிறவருக்கு ரகம் பார்த்துப் பொறுக்க அதிகம் இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பி, உரிமமும் பெற்ற பிறகு கைக்கு எட்டுவது பெரும்பாலும் .32 காலிபர்தான். 2014இல் கான்பூர் ஆயுத ஆலை பெண்களை மனதில் வைத்து வெளியிட்ட ‘நிர்பீக்’ ரிவால்வர் அரைக் கிலோ எடை. விலையோ ஒரு லட்சத்துக்கும் மேல். எடை குறைந்தால் கைப்பைக்கு வசதி, ஆனால் சுடும்போது உதைப்பு கூடும். குட்டைக் குழலில் குறி பழகுவதும் கடினம். இலக்குப் பயிற்சிதான் நோக்கமென்றால் காற்றுத் துப்பாக்கியில் தொடங்குவதே புத்திசாலித்தனம். ஐதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றதும் காற்றுத் துப்பாக்கியில்தான்.

திருடன் வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான பயம். ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டில் ரிவால்வரைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். பூட்டியது நடுராத்திரித் தூக்கக் கலக்கத்தில் சட்டென்று கைக்கு வராது. தோட்டாவோடு தலைமாட்டில் வைத்தாலோ, திருடனுக்கு முன்னால் அதை எடுப்பது பிள்ளையாக இருக்கலாம். அந்தப் பணத்தை முதலில் உறுதியான கதவுக்கும் வாசல் விளக்குக்கும் செலவிடலாம்.