நாய் ஓயாமல் சொறிகிறதா? துரத்தி விடாதீர்கள்!

சொறி பிடித்த நாய் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். கல்லால் அடிப்பார்கள். வாசலில் படுக்க விடமாட்டார்கள். பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் ஒண்டுக்குடித்தனம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. "நாயை விரட்டு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்" என்பார் வீட்டுக்காரர்.

அரிப்பு நாயின் குற்றம் அல்ல, நோயின் அறிகுறி. காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தி விடலாம்.

எங்கே சொறிகிறது?

முதலில் இதைக் கவனியுங்கள்.

வால் அடியையும் இடுப்பையும் கடித்துக்கொண்டே இருந்தால், தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். முடிக்குள் கறுப்புப் பொடி தெரிகிறதா? அதை ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள். சிவப்பாகக் கசிந்தால், அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. நாயின் ரத்தம்தான் அப்படி வெளியேறியிருக்கிறது.

காது ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் முடி கொட்டி, பொருக்குத் தட்டி, இரவு பகலாகச் சொறிந்தால் அது 'சார்கோப்டஸ்' என்ற சொறிப்பூச்சியின் வேலையாக இருக்கலாம். கண்ணுக்கு எளிதில் தெரியாத இந்தப் பூச்சி, தோலைக் குடைந்து முட்டையிடும். நாயைத் தூக்கும் பிள்ளைகளின் கையிலும் வயிற்றிலும் சிவப்புப் பொரிகள் வரலாம். ஆனால், இது மனித உடலில் நிலைத்துப் பெருகுவதில்லை. நாய்க்குச் சிகிச்சை செய்தால் இதுவும் அடங்கிவிடும். பொரி தணியாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

காதைச் சொறிந்து தலையை உதறினால், காதுக்குள் பூச்சியோ பூஞ்சையோ இருக்கலாம். சில நாய்களுக்கு உணவும் தூசியும் கூட ஒத்துக்கொள்ளாது.

கை வைத்தியம் ஆபத்து!

மண்ணெண்ணெய், ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பழைய என்ஜின் ஆயில், பினாயில் இவற்றைத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். நாய் தன் உடம்பை நக்கும். விஷம் வயிற்றுக்குள் போகும். தோலும் வெந்துவிடும். மனிதர்களுக்கான மாத்திரையையும் கொடுக்கக்கூடாது. ஐவர்மெக்டின் மருந்து, கோலி போன்ற சில ஜாதி நாய்களின் உயிருக்கே உலை வைத்துவிடும்.

டாக்டர் என்ன செய்வார்?

தோலைச் சிறிது சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். எடை பார்த்து மருந்து தருவார். ஒரு முறை கொடுத்தால் ஒரு மாதத்துக்காவது தெள்ளுப்பூச்சியையும் உண்ணியையும் கொல்லும் மாத்திரைகள் இப்போது வந்துள்ளன.

மருந்து மட்டும் போதாது. தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் இருப்பது பெரும்பாலும் நாய் படுக்கும் சாக்கிலும் தரை வெடிப்பிலும்தான். சாக்கை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசி, வெயிலில் காயப் போடுங்கள். வீட்டிலுள்ள மற்ற நாய்களுக்கும் சேர்த்தே சிகிச்சை செய்யுங்கள். ஆனால், நாய் மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும்.

எங்கே போவது?

ஹெப்பாளில் 1958-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே நாய்களுக்கும் சிகிச்சை தருகிறார்கள். குயின்ஸ் ரோட்டில் அரசு கால்நடை ஆஸ்பத்திரி உள்ளது. கன்னடம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். "நாயிகெ துரிகெ" என்றால் நாய்க்கு அரிப்பு என்று புரிந்துகொள்வார்கள்.

மருந்து கொடுத்த மறுநாளே அரிப்பு நிற்காது. சொறி ஆறச் சில வாரம் ஆகும். டாக்டர் சொன்ன நாள் வரை மருந்தை நிறுத்தாதீர்கள். வீட்டுக்காரர் முணுமுணுத்தால் டாக்டர் சீட்டைக் காட்டுங்கள். நாயை விரட்டினால் அது பக்கத்துத் தெருவுக்குப் போகும். சொறியும் அதோடு போய், அங்குள்ள நாய்களுக்கும் பரவும்.